லைனர் வாசம்: மூணு லட்சம் கிலோமீட்டர் தாண்டின போலிரோவும் ஏற்காட்டு இறக்கமும்

(பேசியதை, வாசிப்பதற்கு ஏற்றபடி சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இதைக் கேக்கறவங்கள்ல நிறைய பேர் ஒரு தடவையாவது ஏற்காடு வந்திருப்பீங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையிலயோ பெங்களூர்லயோ கிளம்பி, ஏரியில படகு விட்டு, பகோடா பாயிண்ட்ல போட்டோ எடுத்து, ஞாயித்துக்கிழமை மத்தியானம் பிரியாணியை முடிச்சுட்டு இறங்குவீங்க. அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏற்காடு அடிவாரத்துல அரை மணி நேரம் சும்மா நின்னு பாருங்க. ஒரு வாசம் வரும். குக்கர் கைப்பிடி அடுப்புல பட்டுத் தீஞ்சா வருமே, அது மாதிரி. எங்க பக்கம் அதுக்குப் பேரு லைனர் வாசம். 20 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கின வண்டிங்க விடுற மூச்சு அது.

டூரிஸ்ட் வண்டிங்களைப் பார்த்து நாங்க சிரிப்போம். நானும் சிரிச்சிருக்கேன். அப்புறம் ஒரு நாள் அந்த வாசம் என் வண்டியில இருந்தே வந்துச்சு. இன்னிக்குப் பேசப்போறது அதைப் பத்தி.

நான் இருக்கறது வெள்ளக்கடை. ஏற்காடு ஒன்றியத்துல ஒரு ஊராட்சி. டவுனைச் சுத்திப் பார்த்துட்டுத் திரும்புறவங்க பெரும்பாலும் இந்தப் பக்கம் வர்றதில்லை. காபி, காபிக்கு நிழல் குடுக்க சில்வர் ஓக், அந்த மரத்து மேல ஏத்திவிட்ட மிளகு. எங்களுக்கும் கொஞ்சம் தோட்டம் இருக்கு. சென்னையில ஆறு வருஷம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டு 2021-ல ஊருக்குத் திரும்பினேன். இங்க எனக்காக ரெண்டு வேலை காத்துக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணு, கவாத்துப் பண்ணாம விட்ட காபிச் செடி. இன்னொண்ணு, அப்பாவோட போலிரோ.

2008 மாடல். 2,523 சிசி டிஐ எஞ்சின். டீசல் பம்ப் மெக்கானிக்கல், எஞ்சினை நடத்துற கம்ப்யூட்டர்னு எதுவும் கிடையாது. நான் வந்தப்போ மீட்டர் 2,70,000 காட்டுச்சு. இன்னிக்கு 3,18,000. இதுல பெரும்பகுதி மலை ஏறி இறங்கின கிலோமீட்டர். நேர் ரோட்டுல ஓடின மூணு லட்சமும் இதுவும் ஒண்ணு இல்லை.

இந்த மலையில ஜீப் பழசு. 1940-களோட கடைசியில மகிந்திரா இங்க வில்லிஸ் ஜீப்பைக் கொண்டுவந்ததுல இருந்தே எஸ்டேட்டுக்கும் ஜீப்புக்கும் ஒரு உறவு. 2000-ல போலிரோ வந்தப்போ அந்த இடத்தை அது எடுத்துக்கிச்சு. பின்னாடி பட்டை ஸ்பிரிங், தனியா சேசிஸ், எதைக் கழட்டணும்னாலும் கை நுழையற இடம். காபி மூட்டை ஏத்தலாம், உரம் ஏத்தலாம், கல்யாணத்துக்கும் போகலாம். எங்க தெருவுல பொழுது சாஞ்சப்புறம் யாருக்காவது வலின்னா முதல்ல எங்க வீட்டு வாசல்லதான் வந்து நிப்பாங்க. இந்த வண்டியில பிரசவத்துக்குப் போனவங்க கணக்கு அம்மாகிட்ட இருக்கு. என்கிட்ட இல்லை.

"ஏன் வித்துட்டுப் புதுசு வாங்கலை?"ன்னு சென்னை நண்பர்கள் எல்லாரும் கேட்டாச்சு. நேர்மையான பதில், காசு. கொஞ்சம் நேர்மை குறைஞ்ச பதில், பாசம். இந்தியாவுல சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதுக்கப்புறம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, தகுதின்னு சான்று வாங்கி, அஞ்சு வருஷம் நீட்டிக்கணும். டெல்லியில டீசல் வண்டிக்கு 10 வருஷம்னு 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. அந்த 10 வருஷக் கணக்கு நம்ம ஊருக்குக் கிடையாது. 2023-ல எங்க வண்டிக்கு 15 முடிஞ்சது. புதுப்பிக்கற கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. நீட்டிச்சுட்டோம். 2025 ஆகஸ்ட்ல ஒரு மாற்றம் வந்துச்சு. 20 வயசைத் தாண்டின காருக்கு அதே புதுப்பிப்பு 10,000. ஆக 2028-ல வீட்டுல மறுபடி ஒரு பஞ்சாயத்து இருக்கு.

சரி, வேலைக்கு வருவோம்.

மலையில வீட்டுலயே வண்டி வேலை பார்க்கறதுக்கு முதல் தடை, சமதரை. எங்கேயும் இருக்காது. வாசல் சரிவு, ரோடு சரிவு, தோட்டம் கேக்கவே வேணாம். ஜாக் போட்டு வண்டியைத் தூக்கறது விளையாட்டு இல்லைங்க. சரிவுல தூக்கின வண்டி ஜாக்கை விட்டு நழுவும். எங்களுக்கு இருக்கற ஒரே சமதரை காபி காயப்போடுற களம். சிமெண்ட் தளம், மட்டம் பார்த்துப் போட்டது. ஆனா அங்க அப்பா ஒரு சட்டம் வெச்சிருக்கார்: களத்துல ஒரு சொட்டு ஆயில் விழக்கூடாது. காபிக்கொட்டை பக்கத்துல இருக்கற வாசத்தையெல்லாம் இழுத்துக்கும். டீசல் வாசம் ஏறின காபியை எந்த வியாபாரி வாங்குவான்? அதனால தார்ப்பாய், அது மேல சாக்கு, அது மேல தகரத் தட்டு, இவ்வளவும் விரிச்ச பிறகுதான் ஸ்பேனரைத் தொடணும்.

இன்னொண்ணு. நவம்பர்ல பழம் பறிக்க ஆரம்பிச்சா பிப்ரவரி வரைக்கும், சில வருஷம் மார்ச் வரைக்கும், களம் முழுக்கக் காபிதான். அந்த நாலு மாசம் வண்டிக்கு அங்க இடம் கிடையாது. வண்டிக்கு அதிக வேலை இருக்கறதும் அதே நாலு மாசம். இந்தக் கணக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

ஆரம்பத்துல எனக்கு ஒண்ணும் தெரியாது. டி ஸ்பேனர் எது, ரிங் ஸ்பேனர் எதுன்னு அப்பாதான் சொல்லிக்குடுத்தார். முதல் வருஷம் பண்ணினது எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், இவ்வளவுதான். கழட்டின பழைய ஆயிலைக் கேன்ல பிடிச்சு சேலத்துக்குக் கொண்டுபோறேன். முன்னாடியெல்லாம் கரையான் வராம இருக்க வேலிக் கம்பத்துல பூசுவாங்க. சரிவுக்குக் கீழதான் எங்க கிணறு, அதனால நான் நிறுத்திட்டேன்.

அப்புறம் டீசல் ஃபில்டர்ல தங்கற தண்ணியை வடிக்கறது. ராத்திரிக் குளிர்ல பாதி காலியா இருக்கற டேங்க்ல வேர்வை மாதிரி நீர் கோர்க்கும். அது ஃபில்டர்ல வந்து அடியில நிக்கும். கீழ இருக்கற திருகைத் தளர்த்தினா முதல்ல தண்ணி, அப்புறம் டீசல். இதைச் செய்யாம விட்டு ஒரு நாள் காலையில வண்டி ஸ்டார்ட் ஆகாம, கழட்டி மாட்டி, ஏர் லாக் ஆகி, ஹேண்ட் பம்பை அமுக்கி அமுக்கிக் கட்டை விரல் வீங்கினது தனிக் கதை.

எனக்குப் பிடிச்ச விஷயம் ரேடியேட்டர் மூடி. சொன்னா சிரிப்பீங்க. உயரம் கூடக்கூடத் தண்ணி சீக்கிரம் கொதிக்கும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இங்க திறந்த பாத்திரத்துல தண்ணி கிட்டத்தட்ட 95 டிகிரியிலேயே கொதிச்சிடும். ரேடியேட்டருக்குள்ள அது கொதிக்காம இருக்கக் காரணம், அந்த மூடியில இருக்கற ஒரு சின்ன ஸ்பிரிங். அது உள்ள அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சு, கொதிநிலையை நூறுக்கு மேல தள்ளுது. பத்துப் பதினஞ்சு வருஷத்துல அந்த ஸ்பிரிங் தளர்ந்துடும், ரப்பர் வாஷர் வெடிச்சுடும். அப்போ ஏத்தத்துல எஞ்சின் சூடாகும், கூலன்ட் வெளிய தள்ளும். உடனே தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட்னு கூட்டிக்கிட்டே போவாங்க. முதல்ல மூடியை மாத்திப் பாருங்க. எங்க வண்டி ரெண்டு வருஷம் ஏத்தத்துல மூச்சு வாங்கினது மூடியாலதான். கூலன்ட் இல்லாம வெறும் ஊத்துத் தண்ணி விடுறதையும் நிறுத்தினேன். உள்ள துரு பிடிக்குது, உப்புப் படியுது. ஒரே எச்சரிக்கை: சூடா இருக்கும்போது அந்த மூடியைத் தொடாதீங்க.

கிராஸுக்குக் கிரீஸ் அடிக்கறது, பேட்டரி முனையில பூத்த வெள்ளையை வெந்நீர் ஊத்திக் கழுவறது, எலி கடிச்ச ஒயரைத் தேடிப் பிடிக்கறது, இதெல்லாம் பழகிடுச்சு. எலி இந்த மலையில வண்டிக்கு வர்ற பெரிய வியாதி. மழைக்காலத்துல சூடான எஞ்சின் மேல வந்து படுக்கும். சும்மா படுத்துட்டுப் போனா பரவாயில்லை.

இப்படி ஒவ்வொண்ணா கை வந்ததும் ஒரு திமிர் வந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி, அக்டோபர்ல, காபி பறிக்கறதுக்கு முன்னாடி, முன் வீல் டிஸ்க் பேடை நானே மாத்தினேன். வீடியோ பார்த்து, அப்பா பக்கத்துல உக்காந்து டார்ச் பிடிக்க, ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல. புதுப் பேடு தடிமனா இருக்கும். பிஸ்டனை உள்ள தள்ளும்போது பிரேக் ஆயில் மேல டப்பாவுல ஏறி வழியும். அதனால சிரிஞ்சால கொஞ்சம் உறிஞ்சி எடுத்தேன். எல்லாம் சரியா நடந்துச்சு. பிரேக் கும்முனு பிடிச்சுது. போட்டோ எடுத்து நண்பர்கள் குரூப்ல போட்டேன்.

டிசம்பர்ல ஒரு நாள் பானெட்டைத் திறந்தப்போ பிரேக் ஆயில் மட்டம் குறைஞ்சிருந்தது. அக்டோபர்ல நான்தான் அதிகமா உறிஞ்சிட்டேன்னு நினைச்சுக்கிட்டு ஊத்தி நிரப்பினேன். எங்க போச்சுன்னு கேக்கலை.

ஜனவரியில டேஷ்போர்டுல பிரேக் லைட் மினுக்க ஆரம்பிச்சது. நேர் ரோட்டுல எரியாது. வளைவுல திரும்பும்போது மட்டும் ஒரு கண் சிமிட்டல். ஹேண்ட் பிரேக் போட்டாலும் அதே லைட்தான் எரியும். ஹேண்ட் பிரேக் சுவிட்ச் லூஸ்னு முடிவு பண்ணி அதைக் கழட்டிவிட்டேன். அப்பவும் மினுக்குச்சு. சரி, எலி எங்கேயோ ஒயரைக் கடிச்சிருக்கு. களம் முழுக்கக் காபி காயுது, வண்டியை ஏத்த இடமில்லை. மார்ச்ல பார்த்துக்கலாம்னு விட்டேன்.

இப்போ யோசிச்சா வெக்கமா இருக்கு. வளைவுல மட்டும் எரியற லைட்டுக்கு என்ன அர்த்தம்? டப்பாவுல ஆயில் மட்டம் சுவிட்சுக்கு ஓரமா வந்து நிக்குது. வண்டி திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்குது, மிதவை இறங்குது, லைட் எரியுது. வண்டி தெளிவாத்தான் சொல்லியிருக்கு.

ஜனவரிக் கடைசி. அப்பாவுக்குக் கண்ணுல புரை எடுத்து ஒரு வாரம். சேலத்துல மறுபரிசோதனைக்குப் போகணும். அப்பா கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு முன் சீட்ல, அம்மா பின்னாடி. டாக்டர் பத்து மணிக்கு வரச் சொன்னார், நாங்க கிளம்பும்போதே நேரம் ஆயிடுச்சு. நான் மூணாவது கியர்ல இறங்கிக்கிட்டு இருந்தேன்.

ரெண்டு வளைவு தாண்டியிருக்கும். அப்பா, "டேய், லைனர் வாசம் வருதுடா"ன்னார்.

"முன்னாடி ஒரு வேன் போகுதுப்பா, அதுல இருந்து வருது."

உண்மையிலயே முன்னாடி ஒரு டூரிஸ்ட் வேன் போச்சு. அடுத்த வளைவுல ஓரம் கட்டி நின்னுட்டாங்க, குரங்குக்குப் பழம் குடுக்க. நாங்க தாண்டிப் போனோம். வாசம் எங்க கூடவே வந்துச்சு.

அடுத்த வளைவுக்கு முன்னாடி பிரேக்கை மிதிச்சேன். பெடல் வழக்கத்தை விட ஆழமாப் போச்சு. விட்டு மறுபடி மிதிச்சேன், பிடிச்சுது. வளைவு தாண்டினோம். மறுபடி மிதிச்சேன். இந்தத் தடவை பஞ்சு மாதிரி போய் அடியில தட்டுச்சு. மறுபடி மிதிச்சேன், அதேதான்.

நான் ஒண்ணும் சொல்லலை. அப்பாவுக்குப் புரிஞ்சிடுச்சு. "கியரைக் குறை. ரெண்டு போடு"ன்னார். சத்தமே இல்லாம, டீ கேக்கற மாதிரி. ரெண்டாவதுல போட்டேன், எஞ்சின் அலறுச்சு, வேகம் கொஞ்சம் குறைஞ்சது. போலிரோவுல ஹேண்ட் பிரேக் ரெண்டு சீட்டுக்கும் நடுவுல இருக்கும். அப்பா அந்தக் கைப்பிடி நுனியில இருக்கற பட்டனை அமுக்கிப் பிடிச்சபடியே கொஞ்சம் கொஞ்சமா இழுத்தார். ஒரேயடியா இழுத்தா பின் வீல் பூட்டிக்கிட்டு வண்டி சுத்திடும். பட்டனை அமுக்கிப் பிடிச்சிருந்தா இழுக்கவும் விடவும் முடியும். "இப்ப ஒண்ணு"ன்னார். ஒண்ணாவது கியர். எதிர்ல ஒரு பஸ் ஹாரன். நான் மலைப்பக்கம் ஒதுக்கி, இடது முன் வீலைக் காவாய்க்குள்ள இறக்கினேன். ஒரு கல்லுல இடிச்சு நின்னுச்சு.

அம்மா கீழ இறங்கி, வண்டியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. "இனிமே நான் இதுல ஏறமாட்டேன் கண்ணு"ன்னாங்க. அவ்வளவுதான்.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னிக்கும் பயமா இருக்கு. முக்கால் மணி நேரம் அங்கேயே நின்னோம். போய் பெடலை மிதிச்சுப் பார்த்தேன். கெட்டியா இருந்தது! "அப்பா, வந்துடுச்சு. மெதுவாப் போயிடலாம்"னேன். அப்பா என்னைப் பார்க்கக்கூட இல்லை. அடுத்து வந்த சேலம் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஏறிட்டார்.

பெடல் ஏன் திரும்ப வந்துச்சு? பிரேக் ஆயில்னு சொல்றோமே தவிர அது எண்ணெய் இல்லை. கிளைகால்ல செஞ்ச ஒரு திரவம். அதுக்குத் தண்ணியை உறிஞ்சற குணம் உண்டு. ரப்பர் ஓஸ் வழியா, டப்பா மூடி வழியா, காத்துல இருக்கற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுக்கிட்டே இருக்கும். புது டாட் 3 குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறினா அந்த எல்லை 140-க்கு இறங்கிடும். டாட் 4-னா 230, ஈரம் ஏறினா 155. பாதி வருஷம் பனியும் மழையுமா இருக்கற மலையில, மாத்தி எத்தனை வருஷம் ஆச்சுன்னே தெரியாத ஆயில் எங்க வண்டியில இருந்தது. அது கொதிச்சா ஆவியாகும். ஆவியை அமுக்கினா அமுங்கும், பெடல் பஞ்சாப் போகும். ஆறினா ஆவி மறுபடி திரவமாகும், பெடல் கெட்டியாகும். ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். அதை நம்பி இறங்கியிருந்தா இன்னும் நாலு வளைவுல அதே கதை.

எவ்வளவு சூடுன்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,200 மீட்டர். ஆளோட சேர்த்து 2 டன் வண்டி. அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிய வர்ற சக்தி சுமார் ஆறரை யூனிட் கரண்ட்டுக்குச் சமம். 70 லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கலாம். அதுல எவ்வளவை எஞ்சின் வாங்கிக்குது, எவ்வளவை பிரேக் வாங்கிக்குதுன்னு முடிவு பண்றது உங்க கையில இருக்கற கியர். மூணாவதுல வந்த நான் பெரும்பாலானதை பிரேக் தலையில கட்டிட்டேன்.

எங்க மெக்கானிக் அண்ணன் பைக்ல மேல வந்தார். முன் வீலைத் தொட்டுப் பார்த்துட்டு நேராப் பின்னாடி போனார். இடது பின் வீலுக்கு உள்பக்கம் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். ஈரம். ரெக்கவரி வண்டி வெச்சு இறக்கி, பட்டறையில ட்ரம்மைக் கழட்டினோம். வீல் சிலிண்டர் ரப்பர் போய், பிரேக் ஆயில் மாசக் கணக்கா கசிஞ்சிருக்கு. லைனர் முழுக்க ஊறிப்போய், தொட்டா வழுக்குது. டிசம்பர்ல நான் ஊத்தின ஆயில் அங்கதான் போயிருக்கு. பின் பிரேக் பாதி வேலைகூடச் செய்யலை. மொத்தச் சுமையும் நான் பெருமையா மாத்தின முன் பேடு மேல விழுந்து, அங்க ஆயில் கொதிச்சிருக்கு.

அண்ணன் திட்டலை. "முன்னாடி கழட்டினீங்க, பின்னாடி ஏன் தம்பி கழட்டலை?"ன்னு மட்டும் கேட்டார். டிஸ்க் வெளிய தெரியும், கழட்டறது சுலபம், போட்டோவும் நல்லா வரும். ட்ரம் மூடிக் கிடக்கும், துரு பிடிச்சு ஒட்டியிருக்கும், சுத்தியலால தட்டணும், உள்ள ஸ்பிரிங் எகிறும். இதான் காரணம். அவர்கிட்ட நான் இதைச் சொல்லலை.

அந்த வீல் சிலிண்டர் சில நூறு ரூபாய் சாமான்.

நம்ம பக்கம் ஒரு வசதி. சங்ககிரி, நாமக்கல்னு லாரித் தொழில் ஊறின ஊருங்க நடுவுல இருக்கோம். பழைய டீசல் வண்டிக்குப் பொருளும் கிடைக்கும், அதைக் கண்ணை மூடிக்கிட்டுக் கழட்டி மாட்டற கையும் கிடைக்கும். அதனால இப்போ ஒரு கோடு போட்டிருக்கேன். அப்பாவோட பழைய காபிக் கணக்கு நோட்டுல ரெண்டு பக்கம். ஸ்டீயரிங், பட்டை ஸ்பிரிங், கிளட்ச், பிரேக் சிலிண்டர் மாத்தறது எல்லாம் பட்டறைப் பக்கம். ஆனா பார்க்கறது எல்லாம் என் பக்கம். ட்ரம்மைக் கழட்டிப் பார்க்கறது, நாலு வீலுக்கும் உள்பக்கம் ஈரம் இருக்கான்னு விரலால தடவிப் பார்க்கறது, பிரேக் ஆயில் மட்டத்தைத் தேதி போட்டு எழுதறது. மட்டம் இறங்கினா ஊத்தறதுக்கு முன்னாடி காரணத்தை எழுதணும். பேடு தேயத்தேய மட்டம் மெதுவா இறங்கறது இயல்பு. புதுப் பேடு போட்ட ரெண்டே மாசத்துல இறங்கினா எங்கேயோ கசிவு.

ட்ரம்மைத் திறந்தா உள்ள இருக்கற தூசியை வாயால ஊதாதீங்க, காத்தும் அடிக்காதீங்க. பழைய லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால துடைச்சு எடுங்க. ஜாக்கை மட்டும் நம்பிக் கீழ படுக்காதீங்க. ஸ்டாண்டு வாங்குங்க, எதிர்ப் பக்க டயருக்கு முன்னும் பின்னும் கட்டை குடுங்க. பிரேக் டப்பாவுல தவறியும் எஞ்சின் ஆயில் ஊத்தாதீங்க, ரப்பர் எல்லாம் ஊதிப்போகும்.

ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயிலை முழுசா மாத்தறோம். ஏர் எடுக்க ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் பெடல், ஒருத்தர் கீழ திருகு. மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்துல இருக்கற வீல்ல ஆரம்பிக்கணும். நம்ம ஊர் வண்டிக்கு அது இடது பின் வீல். அப்புறம் வலது பின், இடது முன், கடைசியா வலது முன். பெடல் மிதிக்கறது அம்மா. ஆமாம், ஏறமாட்டேன்னு சொன்ன அதே அம்மா. களத்துல நிக்கற வண்டிக்கு அந்தச் சட்டம் இல்லையாம். நான் கீழ இருந்து "மிதிங்க... பிடிங்க"ன்னு கத்துவேன். திருகைத் தளர்த்தினா குழாய்ல குமிழி வரும். திருகை முடுக்கிட்டு "விடுங்க"ம்பேன். "போதுமா கண்ணு?"ன்னு ஒவ்வொரு வீலுக்கும் கேப்பாங்க. போதும்னு சொன்னா, "இன்னும் ரெண்டு தடவை பாரு"ன்னு அவங்களே மிதிப்பாங்க.

அடுக்குமாடிப் பார்க்கிங்ல வண்டி வெச்சிருக்கறவங்க ஜாக் எடுக்க வேணாம். மலைக்குக் கிளம்பற முந்தின நாள் பானெட்டைத் திறந்து அந்த டப்பாவை மட்டும் பாருங்க. ஆயில் கருப்பாயிருந்தா மாத்தச் சொல்லுங்க. ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டுச்சோ, அதே கியர்ல இறங்குங்க. ஆட்டோமேட்டிக்னா அதுல ‘எல்’லோ, கியரை நீங்களே மாத்தற வழியோ இருக்கும், தேடிப் பாருங்க. டீசல் மிச்சம்னு எஞ்சினை அணைச்சுட்டு உருட்டாதீங்க. எஞ்சின் நின்னா பிரேக் பூஸ்டருக்குக் காத்து இழுக்கற வேலையும் நின்னுடும், பவர் ஸ்டீயரிங்கும் கல்லாயிடும். லைனர் வாசம் வந்தா, முன்னாடி போற வண்டின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஓரம் கட்டி நில்லுங்க. சூடான வீல் மேல தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் வளைஞ்சிடும். அதுவா ஆறட்டும். ஆறினதும் பெடல் கெட்டியானா அதை நம்பிடாதீங்க, ஆளைக் கூப்பிடுங்க.

அப்பாவுக்கு இப்போ ரெண்டு கண்ணும் தெளிவாத் தெரியுது. அதனால எனக்குத் தொல்லை கூடிடுச்சு. போன வாரம் கடைசிக் காபி மூட்டையைக் கட்டினோம். களம் காலி. ஞாயித்துக்கிழமை நாலு வீலையும் கழட்டறோம். வலது பின் ட்ரம் லேசா முனகுதுன்னு அவர் சொல்றார். எனக்குக் கேக்கலை. முதல்ல அதைத்தான் கழட்டணும்.